நால்வராகவே காலம் தள்ள முடியுமா? ஸ்ட்ரிங் குவார்ட்டெட் தொழிலும் புகழும்

கேள்வி: பாலக்கோடு தமிழாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். மேலை இசையில் எனக்குப் பயிற்சி கிடையாது. என் மகளுக்கு உண்டு. பெங்களூரில் விடுதியில் தங்கி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா என்னும் வாத்தியத்தைப் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் எட்டாம் கிரேடு தேர்வையும் முடித்துவிட்டாள். இப்போது அவளும் உடன் பயின்ற மூவரும் சேர்ந்து இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று ஸ்ட்ரிங் குவார்ட்டெட் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக அன்று, இதுவே எங்கள் தொழில் என்கிறார்கள். அண்மையில் சென்னையிலுள்ள ஒரு பதிவுக்கூடத்திலிருந்து அவளுக்கு மட்டும் அழைப்பு வந்தது. அன்று நால்வருக்கும் ஒத்திகை என்று சொல்லி மறுத்துவிட்டாள். காசு வரும் வேலையைக் காசு வராத ஒத்திகைக்காக விடுவது எந்த ஊர்க் கணக்கு என்று அவளுடைய அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மகளோ அமாடியஸ், எமர்சன் என்று குழுக்களின் பெயர்களை அடுக்குகிறாள். நாற்பது ஆண்டுகள் ஒன்றாகவே வாசித்து உலகப் புகழ் பெற்றவர்கள் என்கிறாள். எனக்குள்ள ஐயம் வேறு. தஞ்சை நால்வர் என்று நாம் சேர்த்துச் சொன்னாலும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று ஒவ்வொருவரையும் தனியாகவும் அறிவோம்; வயலினில் தேர்ந்த வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தது வரை கதை இருக்கிறது. குவார்ட்டெட்டில் புகழ் முழுவதும் குழுவின் பெயருக்கே போய்விடும்போது, நடுவில் அமர்ந்து வயோலா வாசிக்கும் ஒருவருக்கு என்ன மிஞ்சும்? அந்தக் குழுக்கள் உண்மையில் எப்படிச் சம்பாதித்தன? அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓசூர் வயலின்

ஐயா, வணக்கம். நான் ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் வாசிப்பவன். எனவே சம்பாத்தியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கச்சேரிச் சன்மானத்தை மட்டும் நம்பி வாழ்ந்த குவார்ட்டெட் உலகில் மிக அரிது. கிடைக்கும் தொகையில் ஏற்பாட்டாளரின் கமிஷன் முதலில் போகும்; பிறகு நால்வரின் பயணம், தங்குமிடம்; விமானத்தில் செல்லோவைச் சரக்குப் பகுதியில் போட முடியாது என்பதால் அதற்கென்று ஓர் இருக்கைக்குத் தனிக் கட்டணம். இவையெல்லாம் கழிந்து மீந்ததை நான்கால் வகுக்க வேண்டும். தனி வயலின் வித்துவானும் ஒரு மாலைதான் வாசிக்கிறார். அவருக்கு இந்த வகுத்தல் இல்லை.

ஆகவே புகழ்பெற்ற ஒவ்வொரு குழுவுக்குப் பின்னாலும் அதற்குச் சோறு போட்ட ஓர் இடம் இருந்திருக்கிறது. புடாபெஸ்ட் குவார்ட்டெட்டுக்கு 1940 முதல் 1962 வரை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் அப்படி இருந்தது. அடுத்து அந்த இடத்துக்கு ஜூலியார்ட் குவார்ட்டெட் வந்தது. ஹங்கேரியில் 1975இல் நான்கு மாணவர்கள் தொடங்கிய டாகாச் குவார்ட்டெட், 1980களில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்து இன்றுவரை அங்கேயே இருக்கிறது. எமர்சன் குவார்ட்டெட் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தது. ரெசிடென்சி என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டில், நால்வரும் ஆசிரியர்களாகவோ ஆஸ்தானக் கலைஞர்களாகவோ சம்பளம் பெறுவார்கள். ஆண்டில் சில மாதங்கள் ஊர் ஊராகப் போய் வாசிப்பார்கள்.

இது புதிய வழக்கமும் அன்று. வியன்னாவில் 1804ஆம் ஆண்டுவாக்கில் பொதுமக்களுக்குச் சந்தா முறையில் குவார்ட்டெட் கச்சேரிகளைத் தொடங்கிய இக்னாஸ் ஷுப்பான்சிக்கின் குழுவை, 1808இல் ரசுமோவ்ஸ்கி என்னும் ரஷ்யப் பிரபு சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். பீத்தோவனின் படைப்புகளை மை காய்வதற்குள் வாசித்துப் பார்த்தவர்கள் அவர்கள். 1814 டிசம்பர் 31 அன்று அந்தப் பிரபுவின் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குழு கலைந்தது, ஷுப்பான்சிக் ரஷ்யாவுக்குப் புறப்பட்டுப் போனார். ஆதரித்த வீடு சாய்ந்தால் குழுவும் சாயும் என்பது அன்றே தெரிந்த செய்தி.

நம் பக்கத்து நிலைமை என்ன? தமிழ்நாட்டில் ஒரு குவார்ட்டெட்டை அப்படி அமர்த்திக்கொள்ளும் கல்லூரி எதையும் நான் பார்த்ததில்லை. எங்களைப் போன்றோருக்குச் சோறு போடுவது பெங்களூர் ஓட்டல்களில் நடக்கும் திருமண வரவேற்புகள். புல்வெளியில் காற்றடித்தால் இசைத்தாள் பறக்காமலிருக்க, துணி உலர்த்தும் கிளிப்பை ஸ்டாண்டின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு திரைப்பாடல்களை வாசிப்போம். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் கிளிப்பைக் கழற்ற நேரமிருக்காது என்பதால் அடுத்த பத்தியை மனப்பாடம் செய்துகொள்வோம். கேட்பவர் ஒருவரும் இல்லை. ஆனால் பணம் அன்றே கைக்கு வந்துவிடும். உங்கள் மகளின் குழு இதையும் செய்யத்தான் வேண்டியிருக்கும். இதை இழிவாக நினைக்காமலிருந்தால் மட்டுமே பிழைக்கும்.

மறுமொழி: கிருஷ்ணகிரி இசைத்தட்டு ரசிகர்

ஓசூர் நண்பர் சம்பாத்தியத்தைச் சொல்லிவிட்டார். புகழைப் பற்றி நான் சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு இந்தப் பதிவுகளைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

ஆசிரியர் ஐயா கேட்ட வயோலாக்காரரையே எடுத்துக்கொள்வோம். அமாடியஸ் குவார்ட்டெட்டின் வயோலாக்காரர் பீட்டர் ஷிட்லோஃப். ஹிட்லரின் பிடிக்குள் போன வியன்னாவிலிருந்து சிறுவராக இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூதர் அவர். போர் மூண்டதும் இங்கிலாந்து அரசு அவரைப் போன்ற அகதிகளையே எதிரி நாட்டார் என்று முகாமில் அடைத்தது. அங்குதான் நார்பர்ட் பிரைனின், சீக்மண்ட் நிசெல் ஆகிய இருவரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. மூவருமே வயலின் வாசித்தவர்கள். குவார்ட்டெட்டுக்கு மூன்று வயலின் தேவையில்லை அல்லவா? ஷிட்லோஃப் வயோலாவுக்கு மாறினார். இங்கிலாந்தில் பிறந்த மார்ட்டின் லவெட் செல்லோவுடன் வந்து சேர, 1948 ஜனவரியில் லண்டன் விக்மோர் அரங்கில் அமாடியஸ் என்ற பெயரில் முதல் கச்சேரி நடந்தது. அதன்பின் ஆள் மாற்றமே இல்லை. 1987இல் ஷிட்லோஃப் காலமானதும் மற்ற மூவரும் வேறொருவரைத் தேடவில்லை, குழுவையே முடித்துக்கொண்டார்கள். நடுவில் அமர்ந்தவருக்கு என்ன மிஞ்சும் என்றீர்கள். அவர் இல்லையென்றால் அமாடியஸ் என்ற பெயரே இல்லை என்று மூன்று பேர் முடிவெடுத்தார்கள். தனிக் கலைஞர் எவருக்கும் இத்தகைய மரியாதை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1917இல் புடாபெஸ்டில் மூன்று ஹங்கேரியரும் ஒரு டச்சுக்காரரும் தொடங்கிய குழுவில் ஒவ்வொருவராக விலகி, கடைசியில் நால்வரும் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்களாகவே இருந்தார்கள்; பெயர் மட்டும் புடாபெஸ்ட் என்றே நீடித்து, அந்தப் பெயரில்தான் பெரும்புகழும் வந்தது. டாகாச் குழுவில் தொடக்க நால்வரில் கடைசியாக எஞ்சியவர் செல்லோக்காரர் ஆந்திராஷ் ஃபெயேர் ஒருவரே. முதல் வயலினில் இருந்து குழுவுக்குத் தன் பெயரையே தந்தவர் 1993இல் விலகினார். வயோலாக்காரர் காபோர் ஓர்மாய் புற்றுநோயால் மறைந்தார். அப்படியும் அதன் தரம் குறையவில்லை. பீத்தோவன் பதிவுகளுக்குக் கிராமி விருது கிடைத்தது இந்த மாற்றங்களுக்குப் பிறகுதான். கார்னேரி குவார்ட்டெட்டில் 2001இல் செல்லோக்காரர் டேவிட் சோயர் ஓய்வு பெற்றபோது, அவருடைய மாணவர் பீட்டர் வைலியே அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

எமர்சன் குழுவை உங்கள் மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். 1976இல் அந்தப் பெயரைச் சூடியது. 1979 முதல் 2013 வரை அதே நால்வர். 2023 அக்டோபரில் நியூயார்க்கில் கடைசிக் கச்சேரி. ஒன்பது கிராமி விருதுகள். அதுவரை தனிக் கலைஞர்களுக்கே வழங்கப்பட்டு வந்த ஏவரி ஃபிஷர் பரிசு 2004இல் இவர்களுக்குக் கிடைத்தது. ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் ஆறு குவார்ட்டெட்டுகளையும் ஒரே மாலையில் வாசித்துப் பெயரெடுத்தவர்கள். வில்லைப் பிடித்து முறையாக ஒரு ஸ்வரம் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அந்த ஒரு மாலையின் பாரம் புரியும்.

விருதுப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். விருதுகளெல்லாம் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்த பிறகு வந்தவை. முதல் பத்து ஆண்டுகளைத் தாண்டுவதுதான் கடினம் என்பது என் எண்ணம்.

மறுமொழி: காவேரிப்பட்டணம் மேளக்காரர்

வணக்கம். நாங்கள் பரம்பரையாக நாதஸ்வரம் வாசிப்பவர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. எங்கள் பெரிய மேளத்திலும் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் என்று நால்வர்தான். ஆனால் சன்மானம் நான்கு சம பங்காக இருக்காது. சிறப்புத் தவில் என்று பெயர் பெற்ற வித்துவானை அழைத்தால் அவருக்குத் தனித் தொகை. கூட நின்று ஒத்து வாசிக்கும் பையனுக்கு அவர் வாங்குவதில் ஒரு சிறு பங்கு. அண்ணன் தம்பி ஜோடியாகப் பெயர் வாங்கி, இந்தப் பங்குத் தகராறிலேயே பிரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குவார்ட்டெட்டில் முதல் வயலினுக்குக் கூடுதலாகக் கொடுப்பார்களா?

மறுமொழி: ஓசூர் வயலின்

அண்ணா, நல்ல கேள்வி. இன்றைய குழுக்களில் பெரும்பாலும் சம பங்குதான். அந்தக் காலத்தில் அப்படியில்லை. 1869இல் பெர்லினில் யோசஃப் யோவாகிம் தொடங்கிய குழு யோவாகிம் குவார்ட்டெட் என்றே அறியப்பட்டது, மற்ற மூவரை அவருடைய பக்கவாத்தியம் போலத்தான் பலர் பார்த்தார்கள். இன்று அந்த மனநிலை மாறிவிட்டது. எமர்சன் குழுவில் யூஜின் டிரக்கர், ஃபிலிப் செட்சர் என்ற இரு வயலின்காரர்களும் முதல் நாற்காலியையே மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு படைப்பில் ஒருவர் முதல், அடுத்த படைப்பில் மற்றவர்.

சம பங்கிலும் சிக்கல் உண்டு. நான்கு பேர் என்றால் இரண்டுக்கு இரண்டு என்று வாக்கு நின்றுவிடும். எந்த ஊருக்குப் போவது, எந்த வேகத்தில் வாசிப்பது, எல்லாவற்றிலும் இது வரும். கார்னேரி குழுவினர் 45 ஆண்டுகள் நீடித்ததற்கு, கச்சேரிக்கு வெளியே ஒருவர் வாழ்க்கையில் மற்றவர் தலையிடாமல் இருந்ததையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இளைஞர்கள் நண்பர்களாக இருப்பதால் குழு தொடங்குகிறார்கள். நட்பு கொஞ்சம் தள்ளி நிற்கும்போதுதான் குழு நிலைக்கிறது. ஆசிரியர் ஐயா, பங்கு, கடன், விலகல் ஆகிய மூன்றையும் அவர்கள் இப்போதே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளட்டும்.

பாலக்கோடு தமிழாசிரியர்

அனைவருக்கும் நன்றி. ஷிட்லோஃப் பற்றிய செய்தியை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். இன்னும் ஒன்று மட்டும் விளங்கவில்லை. விடுமுறையில் நால்வரும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன்: ஒரே ஒரு ஸ்வரக்கட்டை ஒரு மணி நேரம் வாசித்தார்கள். பாட்டு நகரவே இல்லை. தனித்தனியாகத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள்தாமே? சேர்ந்து வாசிக்க ஏன் இத்தனை ஒத்திகை? பதிவுக்கூட வேலையை விட்டதற்கான காரணம் இதற்குள்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

மறுமொழி: ஓசூர் வயலின்

அந்த ஒரு மணி நேரத்தில்தான் தொழிலே இருக்கிறது, ஐயா. நம் சங்கீதக் கணக்கிலேயே சொல்கிறேன்.

செல்லோவின் தடித்த தந்தியை ஷட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்கு ஒரு பஞ்சமம் என்று மேலே மேலே போனால்தான் நான்கு வாத்தியங்களின் தந்திகளும் அமையும். நான்கு முறை ஏறினால் வயலினின் மிக மெல்லிய தந்திக்கு வந்து சேர்வோம். அது செல்லோவின் ஷட்ஜத்துக்குக் காந்தாரம். ஒவ்வொரு பஞ்சமத்தையும் 3:2 என்று துல்லியமாகச் சேர்த்தால் அந்தக் காந்தாரம் 81:64 என்ற இடத்தில் நிற்கும். ஆனால் ஷட்ஜத்தோடு இழைந்து இனிக்கும் அந்தர காந்தாரம் 5:4, அதாவது 80:64. அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு. ஒவ்வொரு தந்தியும் தன்னளவில் சுத்தமாகச் சேர்ந்திருந்தும் நால்வரும் கூடி நிற்கும்போது கரகரக்கும்! ஆகவே பஞ்சமங்களை ஒரு மயிரிழை நெருக்கிச் சேர்ப்பார்கள். செல்லோவிலும் வயோலாவிலும் அடித்தந்தி கொஞ்சம் ஏறி நிற்கும்.

தந்தி சேர்த்ததோடு முடிவதில்லை. ஒரே காந்தாரம் மெட்டில் ஓடும்போது சற்று ஏற்றியும், நால்வரும் சேர்ந்து நிற்கும் கட்டில் வந்தால் சற்று இறக்கியும் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டில் காந்தாரம் பெரும்பாலும் யாரிடம் இருக்கும் தெரியுமா? இரண்டாம் வயலினிடமும் உங்கள் மகளின் வயோலாவிடமும். முதல் வயலின் தவறினால் அவர் தவறினார் என்று தெரியும்; நடுவில் இருப்பவர் தவறினால் குழுவே சரியில்லை என்று தோன்றும். பீத்தோவனின் படைப்பு வரிசையில் 131ஆம் எண் (ஓபஸ் 131) கொண்ட குவார்ட்டெட்டில் ஏழு பகுதிகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. சுமார் நாற்பது நிமிடம் சுருதி சேர்த்துக்கொள்ள அவகாசமே கிடையாது. தந்தி இறங்க இறங்க நால்வரும் விரலால் ஈடுகட்டிக்கொண்டே போக வேண்டும், அதுவும் ஒரே அளவில்.

இந்தப் பழக்கம் தனியாகப் பயிற்சி செய்து வராது. ஆள் மாறினால் பாதியில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒத்திகை நாளை அவள் விடாதது சரியான முடிவு என்றே சொல்வேன். அதே நேரத்தில், வாரத்தில் எந்த நாள்கள் ஒத்திகைக்கு, எந்த நாள்கள் அவரவர் பிழைப்புக்கு என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் அடுத்த அழைப்பை மறுக்க வேண்டிய நிலை வராது.

மறுமொழி: தருமபுரி வாசகி

இவ்வளவு நேரம் பேசியதில் கேட்பவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நால்வரும் எவ்வளவு துல்லியமாகச் சுருதி சேர்த்தாலும் தருமபுரியில் முன்வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள்? பெங்களூரிலும் சென்னையிலும் ஒரு சிறு வட்டம் இருக்கிறது; வெளிநாட்டுத் தூதரகப் பண்பாட்டு மையங்கள் நடத்தும் கச்சேரிக்கு அதே முகங்கள் வரும். டாகாச் எப்படி வளர்ந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு வழி சொல்வது பொருந்தாது.

எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் உதாரணங்கள் வேறு. 1992இல் அமெரிக்காவின் யிங் குவார்ட்டெட், நான்கு உடன்பிறப்புகள், தங்கள் தொழிலை நியூயார்க்கில் தொடங்கவில்லை. அரசின் கலை நிதியுதவியோடு அயோவா மாநிலத்தின் ஜெசப் என்னும் விவசாய ஊருக்குப் போய்த் தங்கினார்கள். மக்கள்தொகை சுமார் இரண்டாயிரம்தான், நம் ஊராட்சிகள் பலவற்றைவிடச் சிறியது. வீடுகள், பள்ளிகள், தேவாலயங்கள், வங்கி என்று எங்கே ஆறு பேர் கூடினாலும் வாசித்தார்கள். அடுத்த ஆண்டே நாம்பர்க் பரிசு அவர்களைத் தேடி வந்தது. பிறகு ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பணி. சென்னையிலேயே பாருங்கள்: இளையராஜாவின் பதிவுகளில் வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை அமைத்து, தியாகராஜர் கீர்த்தனைகளை நான்கு குரலாக விரித்து வாசித்தார். சினிமாப் பதிவில் சம்பாதித்த கை அது. ஆகவே பதிவுக்கூட வேலையையும் குவார்ட்டெட்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை.

க்ரோனோஸ் குவார்ட்டெட்டையும் குறிப்பிட வேண்டும். 1973இல் டேவிட் ஹாரிங்டன் தொடங்கியது. ஹைடனையும் மொசார்ட்டையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, வாழும் இசையமைப்பாளர்களிடம் எழுதி வாங்கியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளையும் இசைக்கோவைகளையும் சேர்த்தார்கள். முதன்முதலில் எழுதி வாங்கிய படைப்புக்குக் கொடுத்த கூலி ஒரு பை டோனட்! ஆர்.டி.பர்மன் பாடல்களை ஆஷா போஸ்லேயோடு சேர்ந்து 2005இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டதும் இவர்களே. இளம் குழுக்களுக்கென்று ஐம்பது புதிய படைப்புகளை எழுதுவித்து, இசைத்தாள்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஜாகிர் உசேன் எழுதியதும் அதில் உண்டு. ஆசிரியர் ஐயாவின் மகள் அதிலிருந்து ஒன்று, நம் மக்களுக்குத் தெரிந்த கீர்த்தனை ஒன்று, ஹைடன் ஒன்று என்று முக்கால் மணி நேரம் அமைத்துக்கொண்டு பாலக்கோட்டிலேயே ஒரு பள்ளிக் கூடத்தில் வாசிக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், பிள்ளைகளை வட்டமாகப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும்.

பாலக்கோடு தமிழாசிரியர்

அம்மா, இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகளிடம் சொன்னபோது, கீர்த்தனைக்கு நான்கு குரல் எழுதுவது யார் என்ற சண்டை அவர்களுக்குள் அப்போதே தொடங்கிவிட்டது.

மறுமொழி: ஓசூர் வயலின்

தேதி முடிவானதும் எழுதுங்கள் ஐயா. செல்லோவைத் தருமபுரிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓசூர் வரை வந்தால் என் காரில் கொண்டுவந்து விடுகிறேன்.